மூன்று படகும் ஒரு கல்லும்

திருத்தணியில் கடல் கிடையாது என்று எனக்கு எடுத்துச் சொல்லாதவர் ஊரில் ஒருவர்கூட மிச்சமில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத குடும்பத்தில் பிறந்து பொறியியல் முடித்தவள் நான். கடல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் நான் கட்டியது டிரைமரான். நடுவில் ஒல்லியான ஒரு படகு, அதன் இரண்டு பக்கமும் குழாய்களால் இணைத்த இரண்டு குட்டிப் படகுகள். எல்லாம் சென்னையில் பழைய படகுச் சாமான் விற்கும் இடத்தில் பொறுக்கியவை. குட்டிப் படகுகள், உடைந்துபோன ஒரு துடுப்புப் படகை இரண்டாக அறுத்து, வெட்டுவாயைப் பைபரால் அடைத்தவை. பாய் முழுக்க ஒட்டு. ஆனால் எடை இல்லை; வேகம் என்பது அதுதான். ஒரு நட்டு கூடுதலாகத் தெரிந்தாலும் கழற்றி எறிந்தேன்.

அக்கா வீட்டுக்காரர், என் பாவா, தினமும் வந்து சிரித்துவிட்டுப் போவார்.

"மலையில முருகனே மயிலு வச்சிகினுதான் கீறாரு. உனக்கு இன்னாத்துக்கு கப்பலு?"

பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியவர். அவருக்கு நான் பதில் சொல்வதில்லை.

என் கல்லூரி விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்த என் அப்பா, நைனா மட்டும் சிரிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. அவர்தான் முதலில் ஏற வேண்டும் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மழைக்கு ஏரி நிரம்பியதும் படகை அதில் இறக்கிவிட்டுக் கூப்பிட்டேன். வந்து ஏறினார். கூப்பிடாமலே பாவாவும் வந்து முன்னால் உட்கார்ந்து செல்போனை நீட்டினார்.

படகு இடது பக்கம் சாய்ந்தது. என் கணக்கு சாயாது. இடதுபக்கக் குட்டிப் படகின் மூடியைத் திறந்தேன். உள்ளே நைனாவின் துண்டில் சுற்றிய ஒரு கல், தேங்காய் அளவு.

"இது இன்னா நைனா?"

"மூணு பேரா போவக் கூடாதும்மா. நாலாவதுக்கு ஒரு கல்லு."

நட்டு நட்டாக எடை குறைத்த படகில் ஐந்து கிலோ மூடத்தனம்! கரையில் வீசினேன். நைனா இறங்கிப் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் பாவாவைப் பார்த்தேன்.

"பாவா, எறங்குங்க."

"கல்லத்தான் எறக்கிட்டியே, நான் எதுக்கு?"

"கல்லு செல்பி எடுக்கலையே. எறங்குங்க."

முனகிக்கொண்டே இறங்கினார்.

"இப்ப நாம ரெண்டு பேருதான். வா நைனா."

வந்தார், கல்லைத் தூக்கிக்கொண்டு.

"ஆளு ரெண்டு, சரி. படகு மூணு கீதே?"

நான்கு வருடம் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. கல்லை வாங்கினேன். நடுப்படகில், பாய்மரத்தின் அடியில், எந்தப் பக்கமும் சாய்க்காத இடம் பார்த்து வைத்தேன். மூடத்தனத்தையும் கணக்குப் பார்த்துத்தான் ஏற்றுவேன்.

காற்று பாயில் விழுந்ததும் படகு சீறியது. கரைமேல் பைக்கில் துரத்திக்கொண்டு வந்த பாவா, மதகுக்குப் பக்கத்தில் எருமைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார். நைனா ஒரு கையால் குழாயையும் மறுகையால் கல்லையும் பிடித்திருந்தார். கண்ணில் நீர், காற்று என்றார்.

"இன்னும் வேகமா போவுமா?"

"கல்ல எறக்கினா போவும்."

கல்லை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இதே போதும்."