அம்மாவின் செருப்புப் படம்

என் போனில் இடம் இல்லை என்ற அறிவிப்பு மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. அன்று காலை, ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிய பிறகுதான் உறைத்தது, காலையிலிருந்து அந்த அறிவிப்பைக் காணோம்.

முந்தைய நாள் சாயங்காலம் அப்பா, நாங்கள் நைனா என்போம், போனை வாங்கிக்கொண்டு கழனிக்குப் போயிருந்தார். நெல் இலையில் மஞ்சள் விழுந்திருக்கிறதாம், படம் பிடித்து வரதய்யபாளையம் மருந்துக் கடையில் காட்ட வேண்டுமாம். இடம் பண்ணுவதற்கு எதை அழித்தாரோ! ஷிப்ட் முடியும்வரை லாக்கரைத் திறக்க விடமாட்டார்கள்.

அந்தப் போனில்தான் என் அம்மா இருக்கிறாள். முகம் இல்லை. கேமராவைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள் அவள். செத்த பிறகு, ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, ஸ்டுடியோக்காரர் பட்டுப்புடவையும் அட்டிகையும் போட்டுக் கொடுத்தார். அது சுவரில் மாலையோடு தொங்குகிறது. அம்மா ஜென்மத்தில் கட்டாத புடவை. யாரோ வசதியான பெண்மணி. எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

காரியம் முடிந்ததும், அவள் புழங்கிய எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றாள். எல்லாம் போவதற்கு முன் ஒவ்வொன்றையும் வாசலில் வைத்துப் படம் எடுத்தேன். ஊக்கு குத்திய செருப்பு. நடவுக்குப் போகும்போது புடவைமேல் போட்டுக்கொள்ளும், நைனாவின் பழைய சட்டை. மூடி நசுங்கிய டிபன் பாக்ஸ்.

"செருப்பைப் போயி போட்டோ புடிச்சிக்கினு கீறா பாரு, பைத்தியம்" என்றாள் பெரியம்மா. நைனா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் இல்லாத படம் யாருக்கும் குப்பைதானே. நைனா முதலில் அதைத்தான் அழித்திருப்பார். ஊக்கு எந்தக் கால் செருப்பில்? வலதா, இடதா? நினைவு வரவில்லை. சட்டையில் கோடு நீலமா, பச்சையா? அதுவும் வரவில்லை. படம் இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் எதையுமே மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. பயமாக இருந்தது.

"ஏமைந்தம்மா?" என்ன ஆச்சும்மா என்று சூப்பர்வைசர் தெலுங்கில் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

ஷிப்ட் விட்டதும் பஸ் ஏறுவதற்கு முன்பே போனைத் திறந்தேன். செருப்பு இருந்தது. ஊக்கு இடது காலில். நீலக் கோட்டுச் சட்டை இருந்தது, டிபன் பாக்ஸும் இருந்தது. அப்பாடா என்று பஸ்ஸில் உட்கார்ந்து மேலும் தள்ளிப் பார்த்தால், மற்றதெல்லாம் காலி. தங்கை குழந்தையின் காதுகுத்து இல்லை. திருப்பதியில் மொட்டைத் தலையோடு சிரிக்கும் நைனா இல்லை. நான் இல்லை. புதிதாக ஒரு மஞ்சள் நெல் இலை மட்டும் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். "இன்னா நைனா, எல்லாத்தையும் அழிச்சிட்டு கீற!"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். "எடம் இல்ல, எடம் இல்லன்னு சொல்லிக்கினே இருந்துச்சிம்மா. நாமெல்லாம் இருக்கறோம் இல்ல, எப்ப வேணா புடிச்சிக்கலாம். உங்கம்மா செருப்பு இனிமே எங்க கெடைக்கும்?"

போனை எடுத்துச் செருப்பைத் திரும்பப் பார்த்தேன். அடுத்த நொடியே வேறொரு பயம் வந்து பிடித்தது. நைனாவின் படம் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. அவருடைய மாத்திரை டப்பா ஜன்னலில் இருந்தது.

"அப்படியே நில்லு நைனா."

"இருட்டிக்கினு வருது. காலைல புடிச்சிக்கலாம், போ."

"இல்ல, இப்பவே" என்று விளக்கைப் போட்டேன்.