மாடிப்படி ஏறாத கட்டில்

என் வீட்டுக்காரர் மரவேலை செய்கிறவர். கை சும்மா இருக்காது, வாயும்தான். ஆணி அடித்த நாற்காலியைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். ஒரு கட்டையில் நாக்கு, இன்னொன்றில் அது நுழைகிற குழி, நடுவில் பசை. அப்படிச் சேர்த்தால்தான் அவருக்கு அது வேலை.

எங்கள் மகளுக்கு நாலு வயது. கடையில் வாங்கிய கட்டில் ஒருநாள் அவளோடு படாரென்று சரிந்ததிலிருந்து, எங்கள் இருவருக்கும் நடுவில்தான் அவள் படுக்கை. அவள் உதைக்கிற உதையில் என் இடுப்பு போச்சு. விழவே விழாத கட்டில் செய்கிறேன் பார் என்று இவர் கீழே பட்டறையில் உட்கார்ந்து, மூலைக்கு மூலை பசையைக் கொட்டி ஒன்றைச் செய்து முடித்தார். அவளும் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு மதியம் இதுலயே தூங்குறேன்" என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மாடியில் அவள் அறைக்குத் தூக்கிப் போகும்போது கட்டில் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. நிமிர்த்தினார், சாய்த்தார், சுவரைத் திட்டினார்.

"தினம் ஏறி எறங்குற படிதானே? அளக்கணும்னு தோணலையா உங்களுக்கு?" என்றேன்.

அவர் போய் ரம்பத்தை எடுத்துவந்து நாலு மூலையிலும் அறுத்துக் கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்தார். மகள் முகம் சுருங்கிவிட்டது.

"ஒடைஞ்சு போச்சு. நான் இதுல தூங்க மாட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவரோ கடைக்கு ஓடி, ஜென்மத்தில் தொடாத போல்ட்டும் நட்டும் வாங்கி வந்தார். கட்டைகளை மாடியில் போட்டுத் துளையிட்டார்.

"இங்க பாரு குட்டி. போல்ட்டோட தலை இந்தப் பக்கம் அழுத்தும். நட்டு அந்தப் பக்கத்துலேருந்து இழுக்கும். நடுவுல மாட்டுன ரெண்டு கட்டையும் எங்க ஓடும்?"

"ஓடாது. லூஸானா?"

"லூஸானா நீயே இறுக்கிக்கலாம். பசை விட்டுப்போனா அப்பாதான் வரணும்."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு மூலையையும் முறுக்கினாள். அவர் சத்தமில்லாமல் கை கொடுத்தார். பிறகு அப்பாவை ஏறிக் குதிக்கச் சொன்னாள். அந்த ஆறடி மனிதர் குதித்தார். என்னையும் விடவில்லை. கட்டில் அசையவே இல்லை.

"சரி, ரெண்டு பேரும் போங்க. நான் தூங்கணும்."

எங்கள் அறையில் கைகாலை நீட்டிப் படுத்தோம். இவ்வளவு இடம் இருந்ததா என்று எனக்கு ஒரே சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. போச்சுடா என்று நினைத்தேன்.

ஸ்பேனரோடு நின்றாள். எங்கள் கட்டிலின் மூலை ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தாள்.

"இதுல போல்ட்டே இல்ல. பயமா இருந்தா என்கிட்ட வந்து படுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கட்டிலுக்குப் போய்விட்டாள்.