புதுத் தொட்டியில் விட்ட ஆறு மீன்கள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் மீன் வளர்க்கலாம் என்பது சித்தியின் யோசனை. அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிக்கரையில் பிறந்தவள். மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் கொல்லை வெறும் வாழையோடு நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. சித்தி ஒன்றை நினைத்தாலே சித்தப்பா ஓடிப்போய்ச் செய்த நாட்கள் அவை. கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறை ஒன்றை வாங்கிவந்து, பாதி மண்ணில் புதைத்து, அடிப்பக்கத்தைப் பூசி அடைத்தார்.

"புது சிமெண்டுல காரம் இருக்கும். ஒடனே விட்டா மீனு செத்துடும்" என்று சித்தி வாழைத்தண்டை நறுக்கிப் போட்டுத் தண்ணீர் நிரப்பினாள். நடுநடுவே தண்ணீரை மாற்றிக்கொண்டே பத்து நாள் பொறுக்க வேண்டுமாம். சித்தப்பாவுக்குப் பொறுமை ஏது? இரண்டாம் நாளே கடலூருக்குப் போய் ஆறு கலர் மீன்களைக் கவரில் கட்டி வாங்கிவந்துவிட்டார். அவை துணி அலசும் டப்பில் குடியேறின. "எவனாவது கைய வெச்சீங்க, தோல உரிச்சிடுவேன்" என்று அப்பா பொதுவாகச் சொன்னார். பார்த்தது என்னை.

எனக்கு எட்டு வயது. அப்பா சொன்னதைச் செய்யக்கூடியவர் என்பது என் முதுகுக்கே தெரியும். ஆனாலும் மறுநாள் மத்தியானம் டப்பை எட்டிப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, மேலே வந்து வாயைப் பிளந்தன. பக்கத்திலேயே அவ்வளவு பெரிய தொட்டி சும்மா கிடக்கிறது. பெரியவர்களுக்கு இரக்கமே கிடையாது என்று முடிவுகட்டி, குளிக்கிற மக்கால் ஆறையும் மொண்டு தொட்டியில் விட்டேன். துள்ளிக்கொண்டு ஓடின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் ஆறும் மல்லாந்து மிதந்தன.

முதலில் பார்த்தது சித்தி. என் பாவாடையில் வாழைநார் ஒட்டிக்கொண்டிருந்தது. எதுவும் கேட்காமல் குனிந்து அதை எடுத்துப் போட்டாள். அதற்குள் அப்பா வந்துவிட்டார். "யார் பாத்த வேல இது?" என்றார். நான் சித்தியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"நான்தான் மாமா" என்றாள் சித்தி. அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "டப்புல நெருக்கமா கெடந்துச்சேன்னு எடுத்து வுட்டுட்டேன்."

தம்பி மனைவியை அப்பா என்ன சொல்ல முடியும்? துண்டை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஆனால் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. மோட்டார் புகைந்தாலும் பால் திரிந்தாலும் புதுப்பெண் வந்த நேரம் என்பவள். "கால் வெச்சி ரெண்டு மாசம் ஆவல, வளக்க வெச்ச உசுர சாவடிச்சிட்டா" என்று அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள். சித்தி தலைகுனிந்து நின்றாள்.

எனக்கோ குழப்பம். நான் விட்டபோது நன்றாகத்தானே நீந்தின? சித்தியோ தான் விட்டதாகச் சொல்கிறாள். அப்படியானால் எனக்குப் பிறகு சித்தியும் ஏதோ செய்திருக்கிறாள், மீன் செத்தது அதனால்தான். அடி தப்பிய நிம்மதியோடு அவள்மேல் கோபமும் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை.

அத்தை அந்தப் பேச்சை விடவே இல்லை. வளைகாப்போ காதுகுத்தோ, சொந்தக்காரர்கள் கூடினால் போதும், சொல்லிக் காட்டுவாள். சித்தி அப்போதெல்லாம் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பியதில்லை. நானும் கல்யாணமாகி இன்னொரு வீட்டில் கால் வைத்த பிறகுதான், வந்த புதிதில் தானாக ஒரு பழியை ஏற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்தது. அவளுக்கு நான் பட்ட கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

ஆனால் அன்றைக்கு நான் செய்தது வேறு. மூன்றாம் நாள் சித்தி தண்ணீரையெல்லாம் இறைத்துவிட்டு, தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பரவால்ல சித்தி, தெரியாமத்தான பண்ண. இனிமே அவசரப்படாத" என்று பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்தேன்.

சித்தி தேங்காய்நாரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சரிம்மா, இனிமே பண்ணமாட்டேன்" என்றாள்.