மஞ்சள் வைக்காத வேட்டி

எனக்குத் தாய்மாமன் கிடையாது. அம்மாவுடன் பிறந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஆனால் இதை அம்மா ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. மெட்ராஸில் இருக்கும் தலைவர்தான் தன் அண்ணன் என்பாள். வேடிக்கைக்குச் சொல்கிற பேச்சு இல்லை அது. ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் அவர் ஒருமுறை வேனில் நின்று பேசியபோது 'சகோதரிகளே' என்று ஆரம்பித்தாராம். எந்தக் கட்சித் தலைவரும் அப்படித்தான் ஆரம்பிப்பார் என்று அப்பா எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "எல்லாரும் பொதுவாச் சொல்லுவாக. இவரு என்னையப் பாத்துல்ல சொன்னாரு" என்பாள் அம்மா.

எனக்குக் காது குத்திய கதை எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் பிரசித்தம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மடிக்கு ஆள் இல்லாததால் அம்மா ஒரு பலகையைப் போட்டு, அதன் பின்னால் தலைவர் படம் போட்ட காலண்டரைச் சாத்தி, என்னை உட்கார வைத்தாள். அப்பா காலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அம்மா நேராக வைத்தாள். அவர் மறுபடி திருப்பினார். இந்தச் சண்டைக்குள் ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். நான் வீறிட்டு அழுததை இருவருமே கவனிக்கவில்லையாம்.

அப்பா எதிர்க்கட்சி. சும்மா ஓட்டுப் போடுகிற எதிர்க்கட்சி இல்லை, மில் வாசலில் கொடிக்கம்பம் நட்டவர். இருவருக்கும் ஒரே மில்லில்தான் வேலை. அவர் ஸ்பின்னிங், அம்மா ரீலிங். ஒரே சைக்கிளில் வேலைக்குப் போவார்கள், போகிற வழியெல்லாம் சண்டை போடுவார்கள். அம்மாவின் உறவுமுறையை அப்பா விட்டுவைக்கவே மாட்டார். குழாயில் தண்ணீர் வராவிட்டால், "ஒங்கண்ணன அனுப்பி விடச் சொல்லு" என்பார். கரண்ட் போனால், "ஒங்கண்ணன் வீட்ல இருக்கா கேளு" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அம்மாவும் சளைக்காமல் பதில் சொல்வாள். ஆனால் சில நாட்களில் பதில் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். அப்போது அவளுக்கு வலித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்த மாதிரி இருக்காது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழியில் தலைவர் இறந்துபோனார். ஊரில் ஒரு கடை திறக்கவில்லை. பெற்ற தகப்பன் செத்ததுபோல ஆண்கள் மொட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அப்பா அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. துக்கமும் இருந்திருக்கலாம். வாயைத் திறந்தால் தெருவில் அடி விழும் என்பதும் ஒரு காரணம்.

அம்மா அழவில்லை. தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, கடையின் ஷட்டரைப் பாதி தூக்க வைத்து, ஒரு எட்டு முழ வேட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கோடி வேட்டி. எங்கள் பக்கத்தில் ஒரு ஆண் இறந்துபோனால் உடன்பிறந்தவள் வீட்டிலிருந்து புதுத்துணி வர வேண்டும். அதை அவள் புருஷன் தோளில் போட்டுக்கொண்டு வந்து உடம்பின் மேல் போர்த்த வேண்டும். அதற்குப் பெயர்தான் கோடி. நல்ல காரியத்துக்கு எடுக்கிற துணியின் முனையில் மஞ்சள் தடவுவார்கள், கோடிக்குத் தடவ மாட்டார்கள். சாவு வீட்டுக்குப் போய்ச் சேருவோம் என்பது நிச்சயமில்லாமல் யாரும் கோடி எடுப்பதும் கிடையாது. அம்மா அந்தத் தப்பைத்தான் செய்தாள்.

பஸ் ரயில் எதுவும் ஓடவில்லை. பஞ்சு மார்க்கெட்டில் இருந்து ஒரு லாரி மெட்ராஸுக்குக் கிளம்புகிறது என்று கேள்விப்பட்டு வேட்டியோடு ஓடினாள். பொம்பளைகளை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். அம்மா வீட்டுக்கு வந்தாள், அப்பாவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் வேட்டியை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள். கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு சில வருடங்கள் அந்த வேட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் பள்ளிக்கூடம் முடித்து ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலைக்குப் போனேன். என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், ஒன்றும் அமையவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்: வந்த மாப்பிள்ளைகளிடம் நான் கேள்வி கேட்டேன். என்ன சம்பளம், குடிப்பழக்கம் உண்டா, கல்யாணத்துக்குப் பிறகு என்னை வேலைக்கு விடுவீர்களா. இதைக் கேட்டால் அந்தக் காலத்தில் எந்த மாப்பிள்ளை திரும்பி வருவான்? எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, வேறு காரணத்தைக் கண்டுபிடித்தாள். ஏதோ எடுக்கப் பெட்டியைத் திறந்தவள் கையில் அந்த வேட்டி அகப்பட்டது. மடிப்புக் கலையாத புது வேட்டி, முனையில் மஞ்சள் இல்லை. அத்தைக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. போடாத கோடியைக் குமரி இருக்கிற வீட்டில் வைத்திருக்கிறாயே, பிறகு எப்படி வரன் அமையும் என்று ஆரம்பித்தாள். உடனே கொண்டுபோய் எரித்துவிடு என்றாள். அம்மா வேட்டியை அத்தை கையில் இருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். எடுத்த கோடியைப் போட்டுத்தான் ஆக வேண்டும், எரிக்க மாட்டேன் என்று சொன்னாள். என் கல்யாணத்துக்குத் தடை என்ற பேச்சு அவளை அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அசைந்து கொடுக்கவில்லை.

அந்தப் புரட்டாசியில்தான் திருப்பதி பஸ் வந்தது. எங்கள் தெரு முக்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி வருடா வருடம் பஸ் பிடித்து ஆள் சேர்த்துத் திருப்பதிக்குக் கூட்டிப் போவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் கடையிலும் தெலுங்குதான். முதலில் மெட்ராஸ், பிறகு திருப்பதி, அங்கிருந்து நேரே ஊர். திருப்பதிக்குப் போனவர்கள் வழியில் வேறு எங்கும் நுழையாமல் வீட்டுக்கு வர வேண்டும் என்பது சட்டம் என்பதால் மெட்ராஸை முன்னாலேயே முடித்துவிடுவார். அம்மா மூன்று பேருக்கும் பெயர் கொடுத்தாள், பையின் அடியில் அந்த வேட்டியையும் வைத்துக்கொண்டாள். சாமி நம்பிக்கை இல்லாத அப்பா, லட்டு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஏறினார்.

செங்கல்பட்டு தாண்டியதும் அண்ணாச்சி பஸ்ஸின் நடுவில் நின்று அறிவித்தார். கடற்கரையில் இறங்கலாம், கால் நனைக்கலாம், சுண்டல் சாப்பிடலாம். தலைவர்கள் சமாதிகளை மட்டும் பஸ்ஸில் இருந்தே பார்த்துக் கும்பிட்டுக்கொள்ள வேண்டும். என்ன இருந்தாலும் அது அடக்கம் செய்த இடம். அங்கே போய்விட்டுத் தீட்டோடு மலை ஏறக் கூடாது.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. திருப்பதிக்கு முன்னால் போகக் கூடாது, பின்னாலும் போகக் கூடாது என்றால், அவள் எப்போதுதான் போவாள்? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எழுந்து நின்று அண்ணாச்சியிடம் கேட்டேன். ஊரில் துஷ்டி வீட்டுக்கு, சாவுக்குப் போய்விட்டு வந்தால் தீட்டை எப்படிக் கழிக்கிறோம்? தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தானே? அங்கே கடலே இருக்கிறது. ஊர்க் கிணற்றில் போகிற தீட்டு கடலில் போகாதா?

"வத்தும்மா, வத்து" என்று கையை ஆட்டினார். வேண்டாம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் அதற்குள் பஸ்ஸுக்குள் குரல் கிளம்பிவிட்டது. பின் சீட்டில் இருந்து ஒருவர் புள்ள சொல்லுறது சரிதான என்றார். முன் சீட்டுப் பெண்கள் மாற்றுச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஆசை இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. போகிறவர்கள் எல்லோரும் கடலில் தலை முங்கி, உடை மாற்றித்தான் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று அண்ணாச்சி கடைசியில் ஒப்புக்கொண்டார். முதலில் இறங்கியவரும் அவர்தான்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தோம். சமாதி என்றதும் ஊர்ச் சுடுகாடு மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது பூங்காவும் பளிங்குமாகப் பளபளவென்று இருந்தது. வெயிலில் கல் சுட்டது. பொங்கல் சந்தை மாதிரி கூட்டம். போட்டோ எடுப்பவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். பக்கத்திலேயே அப்பா மதிக்கிற மூத்த தலைவரின் சமாதி இருந்தது. அப்பா விறுவிறுவென்று அங்கே போய், கும்பிட்டு, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"நான் இங்கனக்குள்ள நிக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார்.

அம்மா பையில் இருந்து வேட்டியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். முன்னால் போனவர்கள் மாலை போட்டார்கள், உதிரிப்பூப் போட்டார்கள், கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எங்கள் முறை வந்தது. அம்மா வேட்டியின் மடிப்பை விரிக்கப் போகும்போது காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார். துணியெல்லாம் போடக் கூடாது, பூ மட்டும் போட்டுவிட்டு நகருங்கள் என்றார்.

"இது துணி இல்ல தம்பி. கோடி" என்றாள் அம்மா.

அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். அம்மா சொன்னதும் அவருடைய குரலே மாறிவிட்டது. வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம்தான் அவருக்கு ஊராம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் போலீஸிலோ ராணுவத்திலோ இருப்பார்கள் என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பின்னால் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தணிந்த குரலில் பேசினார்.

"கோடின்னா எனக்கும் தெரியும்க்கா. செத்த நேரம் போட்டுக்கிடுங்க, பொறவு பூ அள்ளையில அதையும் எடுத்துருவோம். ஆனா அண்ணனுக்குக் கோடின்னா ஒங்க வீட்டுக்காரர்ல போடணும். அவிய எங்க?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஊரில் ஒரு பெரிய மனிதர் எப்படிக் கேட்பாரோ அப்படித்தான் கேட்டார். அத்தனை வருடம் அப்பாவுக்கும், அத்தைக்கும், ஊருக்கும் பதில் சொன்னவள், வேட்டியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். பஸ்ஸில் நான் அந்தப் பேச்சுப் பேசினேனே, இதற்கு என்ன சொல்ல முடியும்? உள்ளூர அப்பா மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

வரிசையில் சலசலப்புக் கேட்டுத் திரும்பினேன். அப்பா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எங்கே போனாலும் அவர் தோளில் கட்சிக் கரை போட்ட துண்டு கிடக்கும். நடந்துகொண்டே அதை எடுத்து இடுப்பில் கட்டினார். அம்மாவின் பக்கத்தில் வந்து, அவள் கையில் இருந்த வேட்டியை வாங்கி, துண்டு கிடந்த தோளில் போட்டுக்கொண்டார்.

போலீஸ்காரர், "ஐயா, வரிசையில வாங்க" என்றார்.

"நான் இவ வீட்டுக்காரன்" என்றார் அப்பா. பிறகு கல்லைப் பார்த்தார். "அவரு எனக்கு மச்சான் முறை வேணும்" என்றார்.

போலீஸ்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அப்பா வேட்டியை உதறி விரித்து, கால்மாட்டில் இருந்து நெஞ்சுவரை, ஒரு உடம்புக்குப் போர்த்துவதுபோலவே சுருக்கம் இல்லாமல் இழுத்துப் போர்த்தினார். பிறகு அம்மாவுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார்.

அம்மா குனிந்து வேட்டியின் மேல் கையை வைத்தாள்.

"அண்ணே, ஒங்க மச்சான் வந்திருக்காக" என்றாள்.

அந்த மார்கழியில் அழாத அழுகையை எல்லாம் அன்றைக்குத்தான் அழுதாள்.