பாளையக்காரர் நட்ட கல்

அம்மா இறந்தபோது அவள் வயிற்றில் ஏழு மாதக் குழந்தை இருந்தது. எனக்கு ஆறு வயது. அம்மா சாமியிடம் போய்விட்டாள் என்று துணிந்து சொன்ன அத்தை, குழந்தையைப் பற்றி நான் கேட்டதும் தடுமாறிப் போனாள். "பாப்பா ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்குது கண்ணு. பெருசானதும் கூட்டிட்டு வந்தரலாம்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யைத் திரும்ப வாங்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. நானும் பாப்பா வரப்போகிறது என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

கர்ப்பத்தோடு இறந்தவளுக்கு எங்கள் பக்கம் சுமைதாங்கி நடுவார்கள். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒன்றைப் படுக்கவைப்பார்கள். வழிப்போக்கர்கள் அதில் சுமையை இறக்கினால் இறந்தவளின் வயிற்றுப் பாரம் இறங்கும் என்பது நம்பிக்கை. அப்பா வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குடியிருந்தது வாடகை வீடு. "கல்லு நட நமக்கு ஒரு சாண் மண்ணு இல்லியே தம்பி" என்று அத்தை அழுதாள். பிறகு அவளே, மூலனூர்ப் பக்கம் ஒரு பாளையக்காரர் நட்ட பழைய கல் இருக்கிறது, அங்கே ஒரு மூட்டையை இறக்கிவிட்டு வா என்று அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் என்னை முன்னால் நிறுத்திக்கொண்டு, பின்னால் ஒரு மூட்டை பனியன் துணியைக் கட்டிக்கொண்டு அப்பா கிளம்பினார்.

கல் அப்பாவின் நெஞ்சு உயரம் இருந்தது. அதன்மேல் முருங்கைக்காய்க் கட்டை இறக்கிவைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான் கதையைச் சொன்னார். சண்டையில் ஜெயித்து வந்த பாளையக்காரரிடம், பிள்ளைத்தாச்சி மனைவி போய்விட்ட சேதியைச் சொன்னார்களாம்.

"சனம் முன்னால ஒரு சொட்டுக் கண்ணீரு உடலீங்களாமா. கல்லை நட்டுப்போட்டு, ஆரும் இல்லாத நேரமாப் பாத்து அவரே மூட்டை சொமந்தாந்து எறக்குனாருங்களாமா."

கதையை முடித்துவிட்டு அந்த அம்மாள் தன் காய்க்கட்டை எடுத்துத் தரையில் வைத்து இடம் விட்டார். அப்பா துணி மூட்டையைக் கல்மேல் வைத்தார். அந்த அம்மாள் அதை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது பஞ்சாட்டம் இருக்குதுங்க. பாரமா ஒண்ணுங் கொண்டாரலீங்களா?"

அப்பா விழித்தார். வருஷம் முழுக்கப் பனியன் துணியோடு புழங்குகிறவருக்கு மூட்டை என்றதும் அதுதான் தோன்றியிருக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மூட்டையை எடுத்துவிட்டு, என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கல்மேல் உட்காரவைத்தார். கைகளை விட்டுவிட்டுச் சற்றுப் பின்னால் நகர்ந்தார்.

போட்டோ எடுக்கத்தான் என்று நினைத்தேன். அவர் கையில் செல்போன் இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அழாதவர். எனக்குப் பயமாக இருந்தது. பாப்பா இல்லாமல் போட்டோ எடுக்க அவருக்கு மனசில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

"அழுவாதீங்கப்பா. பாப்பா வந்தப்புறம் மறுக்கா வந்து எடுத்துக்கலாம்."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சொன்னது அப்பாவுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். பாப்பா எங்கே உட்காரும் என்று அவருக்குக் காட்டுவதற்காக, கல்லின் ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தேன்.