இடது பக்கம் செத்த மூன்று ஹெட்போன்கள்

கொல்லிமலைக் காற்று பட்டால் ஹெட்போனின் இடது பக்கம் செத்துப்போகும் என்று நான் நம்பினேன். அரைகுறையாக அல்ல, மனதார நம்பினேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் எந்தக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும் இடது பக்கம் மூச்சை விட்டுவிடும் என்று ஊரில் நாலு பேருக்கு விளக்கமும் சொன்னேன். மலை ஏறினால் சிப்ஸ் பாக்கெட் உப்புகிறது, நமக்குக் காது அடைக்கிறது, ஹெட்போன் மட்டும் என்ன கருங்கல்லா? கேட்டவர்கள் தலையாட்டினார்கள். என் காதைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்தது. வந்த வேகத்தில் அதைக் கொல்லைப்புறமாக விரட்டிவிட்டேன்.

ஹெட்போன் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலைமேல் எங்கள் திண்ணனூர் நாட்டுப் பக்கம் டவர் எல்லா இடத்திலும் கிடைக்காது. எங்கள் வீட்டுக்கு அது கிடைப்பது வாசலை ஒட்டிய பலா மரத்தின் முதல் கவட்டையில் மட்டும்தான். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அங்கே தொங்கவிடுவோம். சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவாள். மரத்தடியில் அண்ணாந்து நின்று கத்திக் கத்திப் பேசுவேன். அவள் வாங்கிய மார்க் என் மூளைக்கு எட்டுவதற்கு முன் பக்கத்துத் தோட்டத்து மாடுகளுக்கு எட்டிவிடும்.

"புளூடூத் ஒண்ணு வாங்குங்கப்பா. போனு மரத்துலயே தொங்கட்டும். நீங்க களத்துல மெளகு காயப்போட்டுக்கிட்டே பேசலாமில்ல" என்றாள்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த வாரத்தில்தான் ஒரு காலை எழுந்தபோது இடது காதில் பஞ்சைத் திணித்து வைத்தது போல இருந்தது. தை மாதத்துப் பனி, சளி பிடித்திருக்கும் என்று மிளகு ரசம் குடித்தேன். பஞ்சு அப்படியே இருந்தது. கூடவே எங்கோ ஒரு சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. எங்கள் மலையில் சில்வண்டு கத்துவது ஒரு செய்தியா? ஆனால் ஹெட்போன் வாங்கக் காரவள்ளிக்கு இறங்கியபோது, லாரிகள் உறுமும் ரோட்டோரத்திலும் அது கத்தியது. அடிவாரத்திலும் வண்டு பெருத்துப்போச்சு போல என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு மொபைல் கடை. நடத்துவது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். காதுக்குள் நுழைக்கும் குட்டி ரகம் ஒன்றை எடுத்தார். ஒன்றை என் வலது காதில் வைக்கச் சொல்லி, இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு பாட்டு போட்டார்.

"கேக்குதுங்களாண்ணா?"

"கணீர்னு கேக்குது அம்மணி."

வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வளைவு தாண்டியதும் வழக்கம் போல இரண்டு காதும் அடைத்தன. எச்சில் விழுங்கினேன். வலது திறந்தது. டப்பாவைப் பிரித்து இரண்டையும் மாட்டினேன். வலது பக்கம் பாட்டு, இடது பக்கம் சில்வண்டு. அந்த வளைவில்தான் என் விஞ்ஞானம் பிறந்தது.

அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுபோனேன். அம்மணி இரண்டையும் தன் காதில் போட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் பாடுதுங்கண்ணா."

"இங்க பாடும் அம்மணி. மேல வந்தாத்தான் சாகுது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கழுத்தில் மாலை போலத் தொங்கும் ரகத்தைக் கொடுத்தார். "இது கொஞ்சம் தாட்டியமா இருக்கும். மலையேறுனாலும் தாங்கும்" என்று அவர் சொன்னதில் கிண்டல் இருந்தது என்பது எனக்கு மூன்று வளைவு கழித்துத்தான் உறைத்தது. இருபதாவது வளைவில் மாட்டிப் பார்த்தேன். இடது பக்கம் அதே வண்டு.

ஆக, வண்டு ஹெட்போனுக்குள் புகுந்துவிட்டது! வீட்டுக்கு வந்ததும் தணலில் சாம்பிராணியைப் போட்டு, அந்த மாலையை மேலே பிடித்துப் புகை காட்டினேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அதுக்குப் பொட்டும் வெச்சு உடுங்க. ஆயுத பூசைதான் முன்னாலயே வந்துருச்சாட்டிருக்குது."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் அதற்கு முன்பு இரண்டு முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்பது அப்புறம் தெரிந்தது. என் இடது பக்கம் நின்று கூப்பிட்டிருக்கிறாள். "பொண்டாட்டி சத்தத்தை வடிகட்டுற காது எல்லாருக்கும் வாய்க்குமா?" என்று ஜோக் அடித்தேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. அன்று முதல் சோறு போடும்போது எனக்கு வலது பக்கமாக வந்து உட்கார ஆரம்பித்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

மாசி பிறந்து மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலில் கணு விட்டு வெட்டிய ஏணியைச் சாத்தி ஒருவன் மேலே போவான், ஒருவன் அடியில் நிற்பான். மேலே இருப்பவன் இறங்க நினைத்தால் குரல் கொடுப்பான். அடியில் இருப்பவன் எங்கே போயிருந்தாலும் ஓடி வந்து ஏணியைப் பிடிக்க வேண்டும். பிடித்து, "புடிச்சாச்சு" என்று சொன்ன பிறகுதான் மேலே உள்ளவன் காலை வைப்பான். பறிப்பில் இதற்கு விலக்கே கிடையாது.

அன்று மேலே இருந்தது என் மைத்துனன். அவன் பறித்துப் போட்ட மிளகை நான் சாக்கில் அள்ளிக்கொண்டு நாலு மரம் தள்ளி நின்றேன். பட்டப்பகலிலேயே பனிமூட்டம் இறங்கியது. பக்கத்து மரமே சாம்பல் நிறக் கோடாகத்தான் தெரிந்தது.

"மாமா, ஏணியப் புடிங்க!"

ஓடினேன். குரல் வலது பக்கமிருந்து வந்தது, வலது பக்கம் ஓடினேன். மரம் இருந்தது, ஏணி இல்லை. மறுபடியும் குரல், மறுபடியும் வலது பக்கம். திரும்பி நின்றேன். அப்போதும் குரல் வலது பக்கம்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் எனக்கு வலது பக்கமே நின்று கூப்பிட்டான். மூட்டத்துக்குள் ஒரு மனிதன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிடுவது போல இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் மரமாகத் தொட்டுத் தொட்டு ஓடினேன். அந்நேரம் என்னைப் பார்த்தவர்கள் கண்ணாமூச்சி ஆடுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் சறுக்கும் சத்தம் கேட்டது. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு அவனே காலை வைத்திருக்கிறான், ஏணி சாய்ந்துவிட்டது. அவன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வழுக்கி இறங்கியிருந்தான். நெஞ்சிலும் கையிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"எங்கீங்க போனீங்க? இங்கதான கத்திட்டிருக்கறன்."

"மூட்டம் மாப்ளே. ஒண்ணும் தெரியல."

"கண்ணுக்குத் தெரியாதுங்க, செரி. காதுக்குமா தெரியாது?"

ஹெட்போன் போட்டுப் போட்டுக் காது குழம்பிவிட்டது என்றேன். அதைச் சொல்லும்போது நானே அதை நம்பினேன். நல்ல ஹெட்போனாக வாங்கினால் சரியாகிவிடும் என்று மறுநாளே அந்த மாலையை எடுத்துக்கொண்டு மலை இறங்கினேன். என்னைப் போன்ற நோயாளி எந்த வைத்தியருக்கும் வாய்த்திருக்க மாட்டான்.

"ஏனுங்ணா, இதுல என்ன சாம்பிராணி வாசம் அடிக்குது?" என்றார் அம்மணி.

வேறு ரகம் காட்டச் சொன்னேன். காதை முழுசாக மூடும் பெரிய ரகத்தைக் காட்டினார். ஒரு பொத்தானை அமுக்கினால் வெளிச் சத்தத்தையெல்லாம் நிறுத்திவிடுமாம். சில்வண்டுக்கு இதுதான் மருந்து என்று வாங்கிக்கொண்டு வந்து, களத்தில் மிளகுக்கு நடுவே உட்கார்ந்து மாட்டினேன். பொத்தானை அமுக்கினேன்.

கோழிச் சத்தம் அடங்கியது. மனைவியின் மிக்சி அடங்கியது. பலா மரத்தில் காற்று அடங்கியது. சில்வண்டு அடங்கவில்லை. மற்றதெல்லாம் போனதும் அது மட்டும் தனியாக, தெளிவாக, என் மண்டைக்குள் உட்கார்ந்து கத்தியது. ஹெட்போனைக் கழற்றி டப்பாவில் வைத்தேன்.

மத்தியான பஸ்ஸிலேயே திரும்ப இறங்கினேன். மனைவியும் கூட வந்தாள்.

கடையில் நான் வாயைத் திறப்பதற்கு முன், "இடது பக்கமுங்களா?" என்றார் அம்மணி. ஹெட்போனை வாங்கி, பாட்டு போட்டு, அவரே என் தலையில் மாட்டினார்.

"இப்ப எந்தப் பக்கம் கேக்கல?"

"இடது."

கழற்றினார். முன்பின்னாகத் திருப்பினார். வலது காதில் இருந்த மூடி இப்போது என் இடது காதில் வந்து உட்கார்ந்தது.

"இப்ப?"

மூடியைக் காதோடு அழுத்திப் பார்த்தேன்.

"இடது."

அம்மணி என் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தாள். "நாமக்கல் பஸ்ஸு வருதுங்க, ஏறுங்க" என்றாள். வலது பக்கம் நின்றுதான் சொன்னாள்.

நாமக்கல்லில் காது டாக்டர் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சத்தம் அனுப்பிப் பார்த்தார். அங்கேயும் ஒரு ஹெட்போன் மாட்டினார்கள். இதிலும் இடது பக்கம் வேலை செய்யவில்லை என்று சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

"அடைச்ச மாதிரி இருக்கறது எப்ப இருந்துங்க?" என்றார்.

சளி என்று நான் ஆரம்பித்தேன். மனைவி குறுக்கே வந்து, முதல் ஹெட்போன் வாங்குவதற்கு நாலு நாள் முன்னால் என்று தேதியோடு கணக்காகச் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். காது நரம்பு சில பேருக்கு இப்படித் திடீரென்று நின்றுபோகும் என்றார். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், நிறைய பேருக்குத் திரும்பியிருக்கிறது என்றார். இப்போது கொடுத்துப் பலன் இருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

மூன்று ஹெட்போனிலும் ஒரு கோளாறும் இல்லை. என் இடது காது கேட்பதை நிறுத்தி அன்றைக்கு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அது திரும்ப வரவில்லை.