தாரிங்காவின் முன்னச்சு

பிசிறு இருக்கிறதா என்று பார்க்க தாரிங்கா எஃகுத் தண்டை விரலால் தடவ மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கீழுதட்டின் மேல் மெல்ல உருட்டுவாள். “விரலு பொய் சொல்லும். அரம் பிடிச்சே மரத்துப் போன விரலு. உதடு பொய் சொல்லாது” என்பாள். உதட்டில் ஏதாவது உறுத்தினால் தண்டு மறுபடி உப்புத்தாளுக்குப் போகும். மாலை வேளைகளில் அவள் உதட்டில் சாம்பல் நிறக் கோடு ஒன்று படிந்திருக்கும். அப்படியே ரொட்டி வாங்கப் போவாள். த்ரெபின்யே ஊர்க் கடைக்காரர்கள் அதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

அவள் பிழைப்பு பல் கட்டுவது. பல் மருத்துவர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்; ஆற்றோரப் பட்டறையில் அவள் மெழுகில் செதுக்கி, வார்த்து, மெருகேற்றித் தருவாள். ஊரில் நடுவயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் அவள் கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். மாலையானால் அதே மேசை, அதே விளக்கு, அதே சின்ன அரங்கள். வேலை மட்டும் மாறும். பகலில் பல் அச்சு, மாலையில் வண்டி அச்சு.

வண்டி என்றால் முழங்கால் உயரம்கூட வராத ரிமோட் வண்டி. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனிதர் நடப்பதைவிட மெதுவாக, பல்லி சுவரேறுவது போலப் பாறையைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். முழு வண்டியே கடையில் கிடைக்கிறது. தாரிங்கா மோட்டாரையும் டயரையும் தவிர வேறெதையும் வாங்கியதில்லை. ஏன் என்று கேட்டால், “ஒரு பல்செட்ட வாங்கி ஊரே மாட்டிக்க முடியுமா?” என்று திருப்பிக் கேட்பாள்.

இத்தனை நுணுக்கமாகச் செய்கிறவளுக்கு ஓட்ட வராது. ரிமோட்டைக் கையில் கொடுத்தால் கட்டைவிரல் அவசரப்படும், வண்டி மல்லாந்துவிடும். அதனால் ஓட்டுவது ராய்கோ. மின்கம்பம் ஏறும் வேலை பார்க்கிறவன். விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் மாதிரி. ஆனால் அந்த விரல்களில் இருக்கும் பொறுமை அவனுடைய வேறெந்த உறுப்பிலும் இல்லை என்பாள் தாரிங்கா. அவளுக்குத் தெரியும். அவனோடு இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவள்.

இப்போது இருவரும் விவாகரத்தானவர்கள். அடித்துக்கொள்ளவில்லை. ஒருவர் காபி கலக்கும் சத்தம் இன்னொருவருக்குப் பொறுக்காத நிலை வந்ததும் பிரிந்தார்கள், அவ்வளவுதான். அவன் ஆற்றுக்கு அக்கரையில் வாடகைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லெயோதார் மலையடியில், சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, இருவரும் பழையபடி சண்டை போட்டார்கள்.

“உனக்கு அச்சு செய்யறதும் ஓட்டப் பானையில தண்ணி ஊத்தறதும் ஒண்ணு.”

“உடையறாப்புல செஞ்சுட்டு ஓட்டறவனத் திட்டாத.”

அவள் செய்வாள், அவன் உடைப்பான். உடைந்த துண்டைப் பட்டறை விளக்கடியில் வைத்து, எங்கே விட்டது, ஏன் விட்டது என்று பார்த்து அடுத்ததைச் செய்வாள். இப்படியே போயிற்று.

முன்னச்சின் நடுவே பல்சக்கரங்களை மூடிய கூடு ஒன்று புடைத்துக்கொண்டு தொங்கும். ஓட்டுகிறவர்கள் அதைப் பூசணி என்பார்கள். சக்கரங்கள் இரு பக்கமும் ஒதுங்கிப் போனாலும் பூசணி கல்லில் உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது. கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி வண்டி வெறும் காலை ஆட்டும். சென்ற வருஷம் தாரிங்கா அதைப் பெயர்த்து வலது சக்கரத்தை ஒட்டி வைப்பது என்று முடிவு செய்தாள். வைத்தால், கூட்டிலிருந்து இடது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு நீளமாகும். நீண்ட தண்டு முறுக்கித் தெறிக்கும். நாலைந்து தண்டுகள் அப்படித்தான் போயின. கடைசியில் எஃகை மாற்றினாள், பதம் வைக்கும் சூட்டை மாற்றினாள். பாரம் கீழே தங்குவதற்காகச் சக்கரக் குடங்களைப் பித்தளையில் வார்த்தாள். கோடைக்காலம் முழுக்க அதிலேயே போனது. கடைசித் தண்டு மட்டும் உடையவில்லை. அது எவ்வளவு தாங்கும் என்று அவளுக்கே தெரியாது.

அக்டோபரில் போட்டி. நிக்ஷிச்சிலிருந்தும் மோஸ்தாரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கார் முகப்பில் ரொட்டியும் உப்புக்கண்டமும் பாலாடைக்கட்டியும் பரப்பியிருந்தது. கடைசிச் சுற்றில் ஏற வேண்டிய பாறைக்குப் பெயர் மாமியார். யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர். சாய்ந்த வழவழப்பான பாறை; குறுக்கே ஒரு வெடிப்பு; வெடிப்பின் மேல் விளிம்பில் துருத்திக்கொண்டு ஒரு கல்முனை. எல்லார் பூசணியும் அங்கேதான் உட்கார்ந்தது. அதுவரை ஒரு வண்டியும் உச்சிக்குப் போனதில்லை.

காலைச் சுற்று முடிந்ததும் வூகோட்டா வந்தான். நிக்ஷிச் அணியின் ஓட்டுநர். கடை வண்டிதான் வைத்திருந்தான், ஆனால் கெட்டிக்காரன்.

“தாரிங்கா அக்கா, ராய்கோ அண்ணன் லின்ஸுக்குப் போனப்புறம் இந்த அச்ச என்ன பண்ணப் போறீங்க? எங்கிட்ட குடுங்க. உங்க பேரக் காப்பாத்தறேன்.”

“நீ மொதல்ல உன் முன்பல்லக் காப்பாத்து. நான் கட்டிக் குடுத்த பல்லால பீர் மூடி திறக்கறியாமே.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வூகோட்டா வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தான். அவன் போன பிறகுதான் லின்ஸ் என்ற ஆஸ்திரிய ஊரின் பெயர் அவளுக்குள் இறங்கியது. கையிலிருந்த திருப்புளியைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

ராய்கோ ரொட்டியை மென்றபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஆஸ்திரியாவுக்குப் போறியாம்.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். “யாரு சொன்னா?”

“நிக்ஷிச்காரனுக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல.”

“அங்கயும் கம்பம் ஏறற வேலைதான். அடுத்த வாரம் பஸ்ஸு. இன்னிக்குப் போட்டி முடியட்டும், சொல்லலாம்னு இருந்தேன்.”

“விவாகரத்தயே காபி குடிச்சுக்கிட்டே சொன்னவன் நீ. இதச் சொல்றதுக்கு என்ன வந்துச்சு உனக்கு?”

ராய்கோ கையிலிருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது சுலபமா இருந்துச்சு” என்றான்.

அவள் எழுந்து போய், இறுக்கியிருந்த திருகாணிகளையே மறுபடி இறுக்கினாள்.

பிற்பகலில் அவர்கள் முறை வந்தது. வழக்கமாக அவள் பாறைக்குப் பக்கவாட்டில் நின்று, இடது, வலது, பின்னே வா, குருடா என்று கத்திக்கொண்டிருப்பாள். அன்று கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றாள். வண்டி சரிவில் ஏறி, வெடிப்பில் முன்சக்கரங்களை இறக்கியது. பூசணி வலது ஓரமாக ஒதுங்கியிருந்ததால் கல்முனை அச்சின் ஒல்லியான பகுதிக்கு அடியில் போனது. வூகோட்டா பார்ப்பதற்காகப் பாறையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வலது சக்கரம் வழுக்கிச் சுழன்றது. இடது சக்கரம் மட்டும் விளிம்பைப் பற்றியிருந்தது. இனி வண்டியின் மொத்தப் பாரமும் அந்த நீண்ட தண்டின் தலையில்.

ராய்கோ விரலை நிறுத்தினான். வண்டி அப்படியே தொங்கியது.

“என்ன பேச்சயே காணோம்?” என்றான் திரும்பாமல். “தாங்குமா?”

“தெரியல.”

“முழுசா அழுத்துனா ஒடஞ்சிரும்.”

“ஒடஞ்சா ஒடயட்டும். அழுத்து.”

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவன் கேட்டதில்லை. அழுத்தினான். தண்டு முனகியது பாறையடியில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. முன்பாகம் நடுங்கியது, விளிம்பிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. பிறகு முன்சக்கரம் மேலே வந்தது, வண்டியின் வயிறு வந்தது, பின்சக்கரங்களும் ஒவ்வொன்றாக வந்தன. மேலே நட்டிருந்த இரண்டு எல்லைக் குச்சிகளுக்கு நடுவே, எதையும் தொடாமல், வண்டி மெதுவாகப் போய் நின்றது.

வூகோட்டாதான் முதலில் எழுந்து தொப்பியைக் கழற்றி, “மாமியார் சிரிச்சிருச்சுப்பா” என்றான். அதன் பிறகுதான் சத்தம் எழுந்தது. மொத்தக் கணக்கில் நிக்ஷிச் அணிதான் முதல். அன்று மாலை அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தாரிங்கா வண்டியை இறக்கி, அங்கேயே அச்சைக் கழற்றி, தண்டை உருவிப் பார்த்தாள். லேசாக முறுக்கியிருந்தது. இன்னொரு ஏற்றம் தாங்கியிருக்காது. ராய்கோவிடம் நீட்டினாள். அவன் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்ல தண்டு” என்றான். அவள் செய்த எதையும் அவன் இதற்கு முன் நல்லது என்று சொன்னதில்லை.

ஆட்கள் கலைந்தார்கள். பிரிந்த நாளிலிருந்து வண்டி அவள் வீட்டிலும் ரிமோட் அவன் வீட்டிலும் இருந்தன. யாரும் பேசி வைத்துக்கொண்டதல்ல. அன்று ராய்கோ ரிமோட்டைக் கொண்டுவந்து அவள் காரின் முன்சீட்டில் வைத்தான்.

“வூகோட்டா ஓட்டுவான். நல்ல கை.”

“பாத்தேன்.”

அவன் தன் காரை நோக்கி நடந்தான். தாரிங்கா சீட்டிலிருந்து ரிமோட்டை எடுத்துத் திருப்பினாள். பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, பேட்டரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மூடியைப் பொருத்தினாள். பிறகு அவன் பின்னாலேயே போய், தோளில் தொங்கிய பையின் வாயை விலக்கி, ரிமோட்டை உள்ளே வைத்தாள்.

“ரொம்ப நாள் சும்மா கெடந்தா பேட்டரி கசிஞ்சு கெடுத்துரும்” என்று சொல்லி, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.